திருக்கை இழுத்த கயிறு

மகனே,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ராஜமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்து, அவனுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, நிச்சயத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டாய். நான் வாயால் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த பித்தளைச் சொம்பை எறிந்தேன். அது உன் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நசுங்கியது. காரை பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது, சொம்பும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. "எறிஞ்சவங்க எடுக்கட்டும்" என்கிறாள் உன் அம்மா. நீ படியிறங்கிய பிறகு அவள் என்னோடு பேசிய ஒரே வாக்கியம் அதுதான். நீ பிரேசர் டவுனில் சிநேகிதன் அறைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போகும்போது வாசலில் நின்று இரண்டு விஷயங்கள் சொன்னாய். அந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இதை நீ அந்தப் பெண் செல்வியிடம் படித்துக் காட்டு, அவள் அப்பன் ராஜமாணிக்கத்திடமும் படித்துக் காட்டு, ஜீவனஹள்ளி முழுக்கக் கூட்டி வைத்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

எனக்கும் சிநேகிதர்கள் இருந்தார்கள் என்றால் நீ நம்பமாட்டாய். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவன். அதற்கு முன்னால் நான் வேறு ஆள். நானும் அந்த ராஜமாணிக்கமும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நான் மேலே படித்து மராமத்து இலாகாவில் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரையப் போனேன்; அவன் பாதியில் நிறுத்திவிட்டு மரக்கடை வைத்தான். சிவாஜிநகர் குஜிரிச் சந்தையில் பழைய மிலிட்டரி சாமான் விற்கிற ஷெரீப் எங்களோடு சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பேரும் அல்சூர் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவோம். மாணிக்கம் என் பேச்சை எதிலும் கேட்டவன் அல்ல. கடையை மெயின் ரோட்டில் வைக்கச் சொன்னேன், சந்தில் வைத்தான். பைத்தியக்கார நாயை வளர்க்காதே என்றேன், வளர்த்தான், அது என்னைத்தான் கடித்தது. சீட்டில் ராஜாவைப் போடு என்றால் ராணியைப் போடுவான். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏரி மீன் சோம்பேறி. கெண்டை கொத்துவதற்குள் உனக்கு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்க நேரம் இருக்கும். அதனால் அல்சூரில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலில் ஒரு சுருக்குப் போட்டு வலது கையின் கடைசி இரண்டு விரல்களில் மாட்டிக்கொள்வோம். மிச்ச நூல் பின்னால் ஒரு கட்டையில் சுற்றியிருக்கும். இடது கையில் சீட்டு. மீன் கொத்தினால் விரலில் ஒரு குறுகுறுப்பு வரும், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இழுப்போம். அதைத்தான் நாங்கள் மீன்பிடித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடலுக்குப் போகலாம் என்ற யோசனை ஷெரீப்புடையது. ஏலத்தில் வந்த பாரசூட் கயிறு அவன் கடையில் ஒரு மூட்டை கிடந்தது. அதைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய இழைகளை எடுத்து, முறுக்கி, மூன்று பேருக்கும் தூண்டில் கயிறு செய்தான். "ஆகாசத்துலேர்ந்து ஆளையே எறக்குன கயிறுப்பா. மீனு எம்மாத்திரம், கியா சீஸ் ஹை!" என்றான். நான்தான் விடுப்பு எழுதிக்கொடுத்தேன், நான்தான் டிக்கெட் வாங்கினேன். பெங்களூர் கண்டோன்மென்ட்டில், தண்டு ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில் ஏறினோம். மெட்ராஸில் மதுவிலக்கு, ஷெரீப் தொடாதவன், ஆகவே நானும் மாணிக்கமும் ஒரு பாட்டில் ரம்மை அவனுடைய தொழுகைப் பாய்க்குள் சுருட்டிவைத்துவிட்டோம். ஜோலார்பேட்டையில் போலீஸ்காரன் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தபோது, ஷெரீப் தெரியாமல் அந்தப் பாயின் மேலேயே தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்ததும் காலையில் பேசின்பிரிட்ஜ் வரும் வரை எங்களை விரட்டி விரட்டி அடித்தான். அந்த மாதிரி அடியும் ஒன்று உண்டு, மகனே. வாங்கியவனும் சிரிப்பான்.

எண்ணூரில் இறங்கிச் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் நடந்தோம். மாணிக்கம் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. தோப்பு முடிந்து தண்ணீர் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டான். "டேய், அல்சூர் ஏரிக்கு எவனோ அந்தப்பக்கம் கரை கட்ட மறந்துட்டான்டா. உங்க இலாகா வேலைதானே?" என்றான். நான் அவன் பின்மண்டையில் தட்டினேன். இறாலை மாட்டி, ஈயக்குண்டு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சுழற்றி எறிந்துவிட்டு, திரும்பிவந்து ஈர மணலுக்கு மேலே உட்கார்ந்தோம். அலை ஒவ்வொன்றும் கரையை அறைந்துவிட்டுப் போனது. பேசுவதைக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. மீனவர்கள் சற்றுத் தள்ளிப் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள், எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சீட்டுக்கட்டை எடுத்தோம். சுருக்கைப் போட்டுக் கடைசி இரண்டு விரல்களில் மாட்டிக்கொண்டோம். மூன்று பேரும். கடலுக்கு எங்களில் எவனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வசதியாக வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அது என்னை எடுத்தது.

குறுகுறுப்பு எல்லாம் இல்லை. சீட்டு கலைந்து பறந்ததைப் பார்த்தேன். அடுத்து என் வாய் முழுக்க மணல். யாரோ என் கையை முழங்கையோடு பிடுங்கிக்கொண்டு போவது போல நான் குப்புறத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி தேய்ந்தது. ஷெரீப் பின்னால் இருந்த கயிற்றைத் துண்டால் சுற்றிப் பிடித்துக் குதிகாலை மணலில் ஊன்றினான், அவனையும் சேர்த்து இழுத்தது. மாணிக்கம் இறால் நறுக்கும் கத்தியோடு எனக்கு முன்னால் ஓடிவந்து தண்ணீரில் விழுந்து கயிற்றைப் பிடித்தான். கத்தி கயிற்றின் மேல் இருந்தது. நான் பார்த்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அவன் இழுக்கவில்லை. கத்தியைக் கைவிட்டுவிட்டு என் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். முன்னால் மீன், பின்னால் அவன், நடுவில் இரண்டு விரல். அந்த மெல்லிய கயிறு தோலைக் கடந்து, சதையைக் கடந்து, எலும்பில் போய் நின்றதை என்னால் உணர முடிந்தது. ஒரு அலை எங்கள் தலைக்கு மேலே உடைந்து என்னைப் புரட்டியது. கரும்பை முட்டியில் வைத்து முறித்தால் வருமே, அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. உடனே இழுப்பு நின்றுவிட்டது. நுரை சிவப்பாக இருந்தது. நான் மாணிக்கத்தின் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் என்னை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் ஓடினான்.

இதைத்தான் நான் இத்தனை வருஷமாக உனக்கும் உன் அம்மாவுக்கும் சொல்லிவந்தேன். நான் நுரையில் கிடந்தேன், அவன் மீனுக்குப் பின்னால் ஓடினான். பொய் இல்லை, என் கண்ணால் பார்த்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கயிற்றில் கைகொடுத்தார்கள். அது கரைக்கு வந்தது. திருக்கை. நம் வீட்டு வாசற்கதவைப் பெயர்த்து மணலில் போட்டது போல அகலம். வால் சாட்டை மாதிரி வீசியது. ஒருவன் முதலில் வாலை வெட்டினான், மற்றவர்கள் சவுக்குக் கட்டையால் அதன் தலையில் அடித்தார்கள். அது குழந்தை அழுவது போல ஒரு சத்தம் போட்டது. அந்தக் கூட்டத்தின் நடுவே மாணிக்கம் மண்டியிட்டு, கயிற்றைக் கையால் தடவித் தடவி எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். முள்ளைக் கழற்றுகிறான், மீனுக்குச் சொந்தம் கொண்டாடுகிறான் என்று நினைத்தேன். வேட்டி நுனியை வலது கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நடந்தேன். ஒரு மீனவன் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி இடது கையால் மாணிக்கத்தின் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் திரும்பினான். மூடிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். வாயைத் திறந்தான். குத்த வருகிறான் என்று நினைத்து அந்த வாயிலேயே அடித்தேன். பல் மணலில் விழுந்தது. மறுபடியும் அடித்தேன். மீனை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு என்னை வந்து பிடித்தார்கள். திருக்கை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். ஷெரீப் என் கையில் அந்த ரம்மை ஊற்றியதும், நான் அவன் தோளைக் கடித்ததும், பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பை ராவித் தைத்ததும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். படம் வரைகிறவனுடைய கை பலகையின் மேல் எதை ஊன்றி நிற்கிறது என்று பார்த்திருக்கிறாயா? கடைசி இரண்டு விரல்களை. அவை போனதும் என் கோடு நடுங்கியது. என்னை ரிக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். என்னிடம் பென்சில் சீவக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் எனக்கு மேலே போனார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது, எவனையும் நான் வாழ்த்தியதில்லை. தாடைக் கட்டு அவிழ்க்காமலே ஒரு நாள் மாணிக்கம் நம் வீட்டுக்கு வந்தான். நீ மூன்றாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். நான் மண்ணெண்ணெய் பாட்டிலை வாசற்படியில் உடைத்து, உடைந்த முனையை அவன் வயிற்றுக்கு நேரே நீட்டி, இன்னொரு அடி வைத்தால் குடலைச் சரித்துவிடுவேன் என்றேன். தாடை கட்டியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு ஏதோ சைகை காட்டினான். நான் இன்னும் ஒரு படி இறங்கினேன். போய்விட்டான். அவன் பெயரைச் சொல்கிறவன் எவனும் எனக்குச் சிநேகிதன் இல்லை என்று ஷெரீப்பிடம் சொன்னேன். ஷெரீப் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. வாக்குத் தவறாதவன்.

இப்போது நீ வாசலில் நின்று சொன்னதற்கு வருகிறேன். "அறுக்காதேன்னு கத்துனது நீங்கதானாமேப்பா" என்றாய். ஆமாம், நான்தான். "அறுக்காதடா, பெருசுடா! அறுத்தே, கொன்னுடுவேன்!" என்று கத்தினேன். உனக்கு இத்தனை வருஷமும் சொல்லாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். ஆனால் அதனால் அவன் யோக்கியன் ஆகிவிடுவானா? அந்த நிமிஷத்தில் நான் மனிதனா? இரண்டு விரல் அறுந்துகொண்டிருக்கிறவன் என்ன கத்துகிறான் என்று பார்த்தா கத்தியை வைத்திருப்பவன் நடப்பான்? கடையை எங்கே வைப்பது என்பதில் கேட்கவில்லை, நாய் விஷயத்தில் கேட்கவில்லை, ஒரு சீட்டுகூட நான் சொன்னபடி போட்டதில்லை. ஆயுசிலே ஒரே ஒரு தடவை, கேட்கக் கூடாத இடத்தில், என் பேச்சைக் கேட்டான். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், இதை மட்டும் எடுத்துக்கொள். நீ கோபத்தில் கத்துவாய், என் ரத்தம் உனக்குள் ஓடுகிறது. அப்போது சொன்னதை அப்படியே செய்கிறவளாக உன் மனைவியைப் பழக்காதே. அவள் கையில் கத்தி இருக்கும்போது அவள் தன் புத்தியைக் கேட்கட்டும்.

இரண்டாவதாக நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சொம்பு விழுந்த பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "செல்வியோட அப்பா மீனுக்குப் பின்னால ஓடலப்பா. உங்க வெரலு அந்தச் சுருக்குல மாட்டியிருந்துச்சு. அதுக்குத்தான் ஓடினார்" என்றாய். பொய் என்று கத்தினேன். பெண்ணைத் தள்ளிவிடுவதற்காகக் கட்டிய கதை என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "பொண்ணு என்னாங்க பண்ணுச்சு?" என்றாள், அவளையும் அடக்கினேன். மறுநாள் ஆபீஸ் போகாமல் சிவாஜிநகருக்குப் போனேன். ஷெரீப் கடையில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். மாணிக்கத்தின் பெயரை நானே முதலில் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"அரே, இப்பதான் கேக்குறியா? தாடியெல்லாம் வெளுத்துப்போச்சு எனக்கு."

"அன்னைக்கு அவன் கையில என்னா வெச்சிருந்தான், அதைச் சொல்லு."

"உன் வெரலுங்கதான் வெச்சிருந்தான். ரெண்டும் சுருக்குலயே இருந்துச்சு, கழட்டி எடுத்துட்டான். உன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனானே! நீதான் கட்டையால போட்டே. பல்லு போச்சு, அவன் கைய மட்டும் தொறக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் கர்ச்சீப்ல கட்டிச் சட்டைப் பையில வெச்சுத் தூக்கிட்டு வந்தான். டாக்டர்கிட்ட நீட்டுனான். அவரு பாத்துட்டு, இத வெச்சு நான் என்னப்பா பண்றதுன்னாரு. அவனுக்குப் பேச வரல. வாயெல்லாம் ரத்தம். திரும்பத் திரும்ப நீட்டுறான், அவரு திரும்பத் திரும்பத் தள்றாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? சாயங்காலம் ரெண்டு பேரும் பீச்சுக்குப் போயி மண்ணத் தோண்டிப் பொதச்சோம். நான் எனக்குத் தெரிஞ்ச துவா ஓதுனேன். அவன் உக்காந்து அழுதான்."

"இத்தனை வருஷம் ஏண்டா சொல்லல?"

"பேர் சொன்னா தோஸ்து இல்லன்னு சொன்னது யாரு? நானா? நக்கோப்பா, வேணாம், உன் கோவத்தோட நான் வெளையாட மாட்டேன். என் தோள்ல உன் பல்லு அச்சு இன்னும் இருக்கு, பாக்குறியா?"

சட்டையை விலக்கிக் காட்டினான். இருந்தது. நான் அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஜட்காக்காரன் ஒருவன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான், அவனைக் கீழே இழுத்து அறைந்தேன். இதையும் உனக்குத் தெரிவிக்கிறேன், நான் திருந்திவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. நம் வாசலில் நின்று அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டியது அதைச் சொல்லத்தான் என்று இப்போது புரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வருஷக்கணக்காக ஒருவனை வெறுத்துவிட்டால் அது வெறும் கோபமாக இருப்பதில்லை, வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. அதோடுதான் சாப்பிட்டேன், அதோடுதான் படுத்தேன். ஒரு சாயங்காலத்தில் அதை வெளியே துரத்து என்றால் போகாது. உனக்கு ஒன்று சொல்வேன். யாரையாவது அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் எங்கே வேண்டுமானாலும் அடி, வாயில் அடிக்காதே. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது அப்புறம் உனக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தக் கடிதத்தை நேற்றிரவு தொடங்கினேன்; நசுங்கிய சொம்பை இன்று காலை நானே எடுத்து வைத்தேன். உன் அம்மா பார்த்தாள், காப்பி கொடுத்தாள். நான் வருவதை மன்னிப்பு என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். அவனும் என்னிடம் அதைக் கேட்கவேண்டாம், நானும் அவனிடம் கேட்கமாட்டேன். பெண்ணிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல். ஆனால் ஒரு காரியம் இருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். தட்டில் தேங்காய், வாழைத்தார், மஞ்சள், புடவை எல்லாம் வைத்துப் பித்தளைத் தட்டாகக் கொடுப்பார்கள். என் வலது கை அந்தக் கனத்தைத் தாங்காது. வீட்டில் எனக்கு அலுமினியத் தட்டில்தான் உன் அம்மா சாப்பாடு போடுகிறாள், எதனால் என்று நீ கேட்டதே இல்லை. சபையில் எல்லோர் முன்னாலும் அது என் கையிலிருந்து நழுவும். நீ குறுக்கே வந்து பிடிக்காதே, உன் அம்மாவும் பிடிக்கக் கூடாது. அவன் பிடித்துக்கொள்ளட்டும். தட்டு என் மடியில் இறங்கும் வரை அவன் கையை எடுக்கக் கூடாது. எனக்கு அவமானமாக இருக்கும், "விடுடா, எனக்குத் தெரியும், விடு" என்று அவனைப் பார்த்துக் கத்துவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அப்போது அவன் என் பேச்சைக் கேட்கவே கூடாது. இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவை. சொல்லும்போது அவனுக்கு வலது பக்கமாகப் போய் நின்று சொல். இடது காது கேட்காது, அது நான் அடித்த காது.

உன் அப்பன்